தனி ஆளாக பிரேக்கில் ஏர் எடுக்கும் பிரஷர் பாட்டில்: எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம், "ஏர் எடுங்க, சரியாயிடும்." அதாவது பிரேக் பைப்பில் ஆயிலோடு சிக்கிய காற்றை வெளியேற்றுவது. அந்த வேலையைத் துணைக்கு ஆள் இல்லாமல் செய்ய விற்கப்படும் கருவிதான் பிரஷர் பாட்டில். இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் பாட்டில், தலையில் கையால் அடிக்கும் பம்ப், ஒரு பிரஷர் மீட்டர், ஒரு டியூப், அதன் முனையில் காரின் பிரேக் ஆயில் டப்பாவில் மாட்டும் ஒரு மூடி. இவ்வளவுதான் சாமான். பாட்டிலில் அடித்த காற்று ஆயிலை டப்பாவுக்குள் தள்ளும். வீலில் உள்ள ப்ளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) திறந்தால் பழைய ஆயிலும் சிக்கிய காற்றும் தானாக வெளியே வரும். பெடல் பக்கமே போக வேண்டாம்.

ஏர் எடுப்பதற்கு, வீட்டில் செய்யக்கூடிய வழிகளில் இதுதான் சிறந்தது. அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இது தீர்ப்பது ஏரை மட்டும்தான். "நாலு வீலும் எடுத்தாச்சு, ஒரு லிட்டர் ஆயிலும் போச்சு, பெடல் அப்படியே இருக்கு" என்று புலம்புகிறவர்களின் காரில் பெரும்பாலும் கருவி பழுதில்லை. அந்தக் காரில் ஏரே இருந்திருக்காது. அதனால் பாட்டிலைப் பற்றிப் பேசும் முன் பெடலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பெடலே சொல்லும்

இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதிக்குத் துணைபலம் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். இனி காலுக்குத் தெரிவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பகுதி மட்டும். சோதனைகளை இந்த நிலையில்தான் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது பலமாக மிதித்தால் நல்ல காரிலும் பெடல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) மாற்றியவர்கள் உண்டு. பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அது ஒரு விரல் அளவு இறங்கினால் பூஸ்டர் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அது கோளாறு இல்லை.

இப்போது ஒருமுறை மிதித்துப் பாருங்கள். உடனே அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதியில் கீழே போய், அடுத்தடுத்த மிதியில் மேலே வந்து கல் போல நின்றால், ஏரை விட இடைவெளியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்னால் டிரம் பிரேக் உள்ள கார்களில் ஷூ (டிரம்மின் உள்பக்கம் உரசி நிறுத்தும் பட்டை) டிரம்மை விட்டு விலகி நின்றால் இப்படித்தான் இருக்கும். முதல் மிதி முழுக்க ஷூவை நகர்த்துவதிலேயே செலவாகிவிடும். இதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலே வந்துவிட்டால் பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று அர்த்தம். ஏர் எடுத்து ஒரு பயனும் இல்லை.

இடைவெளிக்கும் ஏருக்கும் காலில் தெரியும் வித்தியாசம் இதுதான். இடைவெளி இருந்தால் பெடல் மேலே வந்தபின் கெட்டியாக நிற்கும். ஏர் இருந்தால் மேலே வந்தபின்னும் ஸ்பிரிங் போலத் துள்ளும். அழுத்த அழுத்த இன்னும் கொஞ்சம் போகும்.

மூன்றாவது வகை, கால் வைத்தபடியே மெல்ல மெல்ல இறங்குவது. ஒரே அழுத்தத்தில் முப்பது விநாடி பிடித்துப் பாருங்கள். இறங்கினால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: ஆயில் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டித் திரும்பி வருகிறது. வெளியே கசிந்தால் டப்பாவில் மட்டம் குறையும். வீலின் உட்பக்கமோ, டிரம்மின் அடிவிளிம்போ, பூஸ்டரும் மாஸ்டரும் சேரும் இடமோ ஈரமாக இருக்கும். எங்கும் ஈரமில்லை, மட்டமும் குறையவில்லை, ஆனால் பெடல் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் மாஸ்டர்தான். இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெதுவான அழுத்தத்திலும் செய்து பாருங்கள். பலமாக மிதிக்கும்போது ரப்பரின் உதடு சிலிண்டர் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்ளும். தேய்ந்த ரப்பர்கூட அப்போது பிடித்து நிற்கும். லேசாக, சிக்னலில் நிற்கும்போது வைக்கும் அளவு அழுத்தத்தில்தான் அது விட்டுக்கொடுக்கும்.

பிரேக் நன்கு சூடான பின் மட்டும் மிருதுவாகி, ஆறியதும் பழையபடி ஆகிவிடுகிறதா? மலை இறக்கத்தில் நெடுநேரம் பிரேக் பிடித்தபின் இப்படி ஆனால் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற ஆயில் தரத்துக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. காலிப்பருக்குள் (டிஸ்க்கைப் பேடால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஆயில் ஆவியானால் அதுவும் ஏர் போலத்தான் அமுங்கும். இங்கே மருந்து ஏர் எடுப்பது மட்டும் இல்லை, ஆயில் முழுவதையும் மாற்றுவது. அதற்கு இந்தப் பாட்டில் அருமையாக உதவும்.

எவ்வளவு ஏர் இருந்தால் எவ்வளவு பெடல் போகும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். 20.6 மி.மீ உள்விட்டம் உள்ள மாஸ்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் பரப்பு சுமார் 3.33 சதுர செ.மீ. ஒரு மி.லி ஏர் சிக்கியிருந்தால் அதை நசுக்கவே பிஸ்டன் 3 மி.மீ நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால் காலுக்கு அது 12 மி.மீ. ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு காற்று, பெடலில் ஏறக்குறைய ஒன்றேகால் செ.மீ! ஆகவே பெடல் பாதி தூரம் வெறுமனே போகிற காரில் காரணம் ஏர்தான் என்றால் சிக்கியிருப்பது பல மி.லி. அவ்வளவு காற்று சும்மா உள்ளே வராது. சமீபத்தில் யாரோ பைப்பையோ காலிப்பரையோ கழற்றியிருக்க வேண்டும், டப்பா காலியாகியிருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிவு இருக்க வேண்டும். ஒன்றும் கழற்றாத காரில் பெடல் திடீரென்று மிருதுவானால் ஏரைக் கடைசியில் சந்தேகியுங்கள்.

இதற்கும் விடை கிடைக்கவில்லை என்றால் ரப்பர் ஹோஸை நசுக்கும் கிளாம்ப் இருக்கிறது. பற்கள் இல்லாத, உருண்டை முனை கொண்ட கிளாம்பாக இருக்க வேண்டும். நாலு வீல் ஹோஸையும் அடைத்தால் பெடல் உயரமாக, கெட்டியாக நிற்க வேண்டும். நிற்கிறதென்றால் மாஸ்டரும் இரும்புப் பைப்புகளும் சரி. பிறகு ஒவ்வொரு கிளாம்பாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பெடல் தொப்பென்று இறங்குகிறதோ, அந்த வீலில்தான் வேலை. கம்பிப் பின்னல் போட்ட ஹோஸையும், வெடிப்பு விட்ட பழைய ஹோஸையும் ஒருபோதும் நசுக்காதீர்கள். பழைய ஹோஸ் என்றால் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஒருவரை மிதிக்கச் சொல்லி ஹோஸை விரல்களால் பிடித்துப் பார்த்தால் வீங்குவது கையிலேயே தெரியும். நாலையும் அடைத்தும் பெடல் இறங்கினால் மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப்புகளைக் கழற்றி அந்த இடத்தில் பிளக் போட்டுச் சோதிக்க வேண்டும். அப்போதும் இறங்கினால் கேள்வியே இல்லை, மாஸ்டர் போய்விட்டது.

கருவிக்கு வருவோம்

பாட்டிலின் உயிர் மூடியில் இருக்கிறது. பம்ப் எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டப்பாவின் கழுத்தில் காற்றுப் போகாமல் உட்காரும் மூடி கிடைத்தால் அரை மணி நேர வேலை. கிடைக்காவிட்டால் நாள் முழுக்கப் போராட்டம். ஐரோப்பிய கார்கள் பலவற்றில் 45 மி.மீ திருகு மூடி வரும். பெரும்பாலான செட்டுகளில் அதற்கான மூடி இருக்கும். மற்ற கார்களில் அளவு பலவிதம், கால் சுற்றில் மாட்டும் வகையும் உண்டு. "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரு ரப்பர் போட்ட தட்டும், அதை டப்பாவின் அடியோடு சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலியும்தான். டப்பா வட்டமாக, தனியாக நின்றால் அது ஓரளவு நிற்கும். நீளமான, கோணலான டப்பாவில் கசியாமல் உட்காருவது அபூர்வம். காருக்கென்றே தனி மூடி கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் செட்டைத் தேர்ந்தெடுங்கள், மாற்றி அல்ல.

மூடி சரியா என்று ஆயில் ஊற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் பாட்டிலை மாட்டி 0.7 பார், அதாவது 10 பிஎஸ்ஐ வரை அடித்துவிட்டு ஐந்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். முள் இறங்கினால் கசிவு. சோப்பு நுரை தடவினால் எந்த இடம் என்று காட்டிவிடும். பிறகு நுரையைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீரும் டப்பாவுக்குள் போகக்கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிலை ஊற்றி அடித்தால் மூடியின் ஓரத்திலிருந்து பீய்ச்சும் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பட்டுவிட்டால் துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். தண்ணீரை வாரி ஊற்றுங்கள். இந்த ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

அழுத்தம் எவ்வளவு? 1 பார், சுமார் 15 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் அடிக்கத் தேவையில்லை. டப்பா பழைய பிளாஸ்டிக். அது மாஸ்டரின் மேல் இரண்டு ரப்பர் வளையங்களில் செருகி நிற்கிறது, அவ்வளவுதான் பிடிப்பு. அது பிடுங்கிக்கொண்டு வந்தால் இன்ஜின் அறை முழுவதும் ஆயில். பிரஷர் மீட்டரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 6 பார் வரை காட்டும் மீட்டரில் 1 பார் என்பது முகத்தில் ஆறில் ஒரு பங்குதான். 2 பார் வரை காட்டும் மீட்டர் உள்ள பாட்டிலே மேல். தானாக அழுத்தத்தை விடும் வால்வு இருந்தால் இன்னும் நல்லது.

ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் ஆயிலுக்கு இபிடிஎம் ரப்பர்தான் தாங்கும். செடிக்கு மருந்தடிக்கும் பம்பை மாற்றியமைத்து இந்த வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. அதன் வாஷர்கள் எந்த ரப்பர் என்று யாருக்கும் தெரியாது. வீங்கி உப்பிப் போன வாஷரின் துணுக்கு டப்பாவுக்குள் விழுந்து ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் மாஸ்டரின் ஊசித்துளையை அடைத்தால் பிரேக் விடவே விடாது. மிச்சம் பிடித்த காசுக்கு அது ஈடாகாது.

பாட்டிலில் ஆயில் ஊற்றியும் செய்யலாம், ஊற்றாமலும் செய்யலாம். ஊற்றிச் செய்தால் டப்பா எப்போதும் நிரம்பியே இருக்கும். கவனம் நிப்பிளில் மட்டும் வைத்தால் போதும். ஆனால் பாட்டிலின் அடியில் உறிஞ்சு குழாய்க்குக் கீழே மட்டம் போய்விட்டால் அது காற்றைத் தள்ளத் தொடங்கும், டப்பா வற்றும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. வேலை முடிந்ததும் டப்பா விளிம்பு வரை நிரம்பியிருக்கும். சிரிஞ்சால் மேல் கோடு வரை எடுத்துவிட வேண்டும். பாட்டிலில் மிஞ்சிய ஆயிலைப் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள், ஈரம் ஏறிவிடும்.

ஊற்றாமல், காற்றை மட்டும் அடித்துச் செய்வது சுத்தமான முறை. டப்பாவில் உள்ள ஆயில் வெளியேறும். குறைந்ததும் அழுத்தத்தை விட்டு, மூடியைத் திறந்து, ஊற்றி, மீண்டும் அடிக்க வேண்டும். டப்பா சின்னதென்றால் ஒரு வீலுக்கு இரண்டு முறை நிறுத்த வேண்டியிருக்கும். ஒரே வீலில் ஏர் எடுக்க இது போதும். முழு ஆயிலையும் மாற்ற, ஊற்றிச் செய்வதே நல்லது. எந்த முறையானாலும் மூடியைக் கழற்றும் முன் பாட்டிலின் தலையைத் தளர்த்தி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் விதம்

முதலில் டப்பாவில் உள்ள கறுத்த ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுங்கள். அந்த அழுக்கு எல்லாப் பைப்பிலும் ஊர்வலம் போக வேண்டியதில்லை. டப்பா மூடியின் மேல் இருக்கும், எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்ற எழுத்தைப் படியுங்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிகோன்; பெயர் ஒட்டி வந்தாலும் 5.1-உடன் அதற்கு உறவில்லை, கலக்கவே கூடாது. டப்பா மூடியின் உள் ரப்பர் ஊதிப் பெருத்து, மூடியில் அடங்காமல் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். யாரோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். அந்த சிஸ்டத்தில் உள்ள ஒவ்வொரு ரப்பரும் அதே கதிதான். ஏர் எடுத்துத் தீராது.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பின், பாட்டிலை மாட்டும் முன்பே நாலு நிப்பிளும் அசைகிறதா என்று பாருங்கள். 8, 10, 11 மி.மீ அளவுகள் பரவலாக வரும். ஆறு முகம் பிடிக்கும் சாக்கெட் அல்லது ரிங் ஸ்பேனர் போடுங்கள். ஓபன் ஸ்பேனர் போட்டால் முகம் வழுக்கும். நிப்பிள் உள்ளே குழாய். துருப்பிடித்ததை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து பாதி உள்ளேயே நிற்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து முந்தின இரவே விட்டுவிடுவது நல்லது. திருப்பும் முன் நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு தட்டினால் மரை விடும்.

வரிசை, கார் கம்பெனியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான். மாஸ்டரிலிருந்து தூரமான வீலில் தொடங்குவது பொதுவான பழக்கம். ஆனால் ஒரு முன் வீலையும் எதிர்ப்பக்கப் பின் வீலையும் இணைத்துக் குறுக்காகப் பிரித்த சர்க்யூட்டும், வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள கார்களில் வேறு வரிசை சொல்லியிருப்பார்கள். 5 அல்லது 6 மி.மீ உள்விட்டமுள்ள தெளிந்த டியூபை நிப்பிளில் இறுக மாட்டுங்கள். மாட்டிய இடத்திலிருந்து டியூப் முதலில் ஒரு சாண் மேலே ஏறி, பிறகு வளைந்து, கழிவு ஆயில் பிடிக்கும் தனி பாட்டிலுக்கு இறங்க வேண்டும். அப்போது வெளிவந்த குமிழி மேல் வளைவில் தங்கும், நிப்பிளுக்குத் திரும்பி வராது. அந்தப் பாட்டிலில் டியூபின் முனை கொஞ்சம் ஆயிலில் மூழ்கியிருக்கட்டும்.

கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று திறந்தால் போதும். முதலில் வருவது தேநீர் நிறத்தில் பழைய ஆயில். ஏர் இருந்தால் அது ஒரு கொத்தாக, பெரிய குமிழியாகக் குப்பென்று வரும். அடுத்து சில சின்னக் குமிழிகள். பிறகு தெளிந்த ஆயில். ஆயில் ஓடும்போதே காலிப்பரின் உடம்பை ரப்பர் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டுங்கள். பிஸ்டனின் பின்னால், மூலையில் ஒட்டியிருக்கும் குமிழிகள் அப்போதுதான் கிளம்பும். நின்றுவிட்டது என்று நினைத்த டியூபில் தட்டியதும் மறுபடி இரண்டு குமிழி வருவதைப் பார்க்கலாம். வீலுக்கு 150 முதல் 250 மி.லி ஓடவிட்டால் ஆயிலும் மாறிவிடும். நாலு வீலுக்கு ஒரு லிட்டர் கையில் இருந்தால் தட்டுப்பாடு வராது. நிப்பிளை மூடும்போது டார்க் ரெஞ்ச் இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். மெல்லிய குழாய் என்பதை மறந்து கை பலத்தைக் காட்ட வேண்டாம். தூசி மூடியைத் திரும்ப மாட்டுங்கள். அது தொலைந்த நிப்பிள்தான் அடுத்த முறை முறியும்.

இந்தக் கருவியின் ஒரு குறை இங்கே தெரியும். 1 பார் அழுத்தத்தில் ஆயில் ஒரே சீராக ஓடும். பைப்பின் மேல்நோக்கிய வளைவில் ஒட்டிக்கொண்ட குமிழி சில நேரம் அந்த ஓட்டத்தில் அசையாது. நாலு வீலும் முடிந்தும் பெடலில் கொஞ்சம் துள்ளல் மிச்சமிருந்தால், பாட்டிலைக் கழற்றிவிட்டு, ஒருவரைப் பெடலை மிதிக்க வைத்து, நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறையில் ஒவ்வொரு வீலிலும் இரண்டு மூன்று மிதி எடுத்துப் பாருங்கள். வேகமான அந்த உந்தல் குமிழியைத் தள்ளிவிடும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்

வாக்குவம் பம்பை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. நிப்பிளில் மாட்டி உறிஞ்சும்போது, திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றும் சேர்ந்தே உறிஞ்சப்படும். டியூபில் ஊசிமுனைக் குமிழிகள் ஒரே அளவாக, ஒரே தொடர்ச்சியாக, நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே ஏர் தீர்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆள் லிட்டர் கணக்கில் ஆயிலை வீணடிப்பார். மரையில் கெட்டி கிரீஸ் தடவினால் கொஞ்சம் குறையும், முழுக்க நிற்காது. டிரம் வீலின் சிலிண்டரில் இன்னொரு ஆபத்து. அதன் ரப்பர் கிண்ணங்கள் உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் விரிந்து அடைப்பவை. வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் காற்றை விட்டுவிடலாம். டப்பாவைக் காலி செய்ய மட்டும் அந்தப் பம்ப் பிரமாதம்.

ஒருவழி வால்வு வைத்த டியூப் மலிவானது, அவசரத்துக்கு உதவும். வால்வின் ரப்பர் பிளவு நாளடைவில் வாய் திறந்தே நின்றுவிடும், அதைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நிப்பிளுக்குள்ளேயே வால்வு வைத்த திருகுகள் அடிக்கடி ஆயில் மாற்றுகிறவருக்கு நல்லது. மரை அளவு கச்சிதமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு பேர் முறை, ஒருவர் மிதிக்க ஒருவர் திறந்து மூடுவது, இன்றும் செல்லும். ஆபத்து பெடலைத் தரை வரை மிதிப்பதில் இருக்கிறது. மாஸ்டரின் பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதியில் வருடக்கணக்கில் ஈரமும் துருவும் படிந்திருக்கும். ரப்பர் உதடு அங்கே உரசினால் கிழியும். ஏர் எடுக்கும் முன் சுமாராக இருந்த பெடல், எடுத்தபின் மெல்ல இறங்க ஆரம்பித்தால் இதுதான் நடந்திருக்கிறது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் தப்பிக்கலாம். பிரஷர் பாட்டிலில் பெடலையே தொடுவதில்லை என்பதால் பழைய காருக்கு அது பாதுகாப்பு. எங்கள் கணக்கில் இந்தக் கருவியின் மிகப் பெரிய நன்மை இதுதான். ஆள் தேவையில்லை என்பது இரண்டாவதுதான்.

பாட்டில் கைவிடும் இடங்கள்

ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் வெளியிலிருந்து தள்ளி எடுக்க முடியாது. அதன் சில பாதைகளை, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள் அடைத்து நிற்கும். டப்பா முழுக்க வற்றிய கார், யூனிட் மாற்றிய கார் இரண்டிலும் ஸ்கேனரை மாட்டி, ஏபிஎஸ் பம்பையும் வால்வுகளையும் ஓடவைத்து, கூடவே நிப்பிளைத் திறந்து எடுக்க வேண்டும். அந்த வசதியுள்ள ஸ்கேனரா என்று முன்கூட்டியே கேளுங்கள். எர்ரர் கோடு மட்டும் படிக்கும் கருவி போதாது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் பிரேக் பம்பே மின்சாரத்தில் ஓடலாம். அவற்றில் கம்பெனி சொல்லும் முறை தெரியாமல் பைப்பைத் தொடாதீர்கள்.

இடது, வலது காலிப்பரை மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே நிற்க, ஆயில் கீழே ஓடும். எத்தனை லிட்டர் விட்டாலும் ஏர் வராது. காலிப்பர் மாற்றிய பின் பெடல் வரவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது நிப்பிள் மேலே இருக்கிறதா என்பதைத்தான்.

பின் ஆக்ஸிலில் எடை பார்த்து வேலை செய்யும் வால்வு உள்ள வண்டிகளில், வீல் தொங்கும்போது அந்த வால்வு பின் பக்கத்துக்கு ஆயிலைக் குறைத்துவிடலாம். ஆக்ஸிலின் கீழ் ஸ்டாண்டு கொடுத்து, எடை இறங்கிய நிலையில் எடுங்கள். புது மாஸ்டரைப் பூட்டும் முன் மேசையில் வைத்தே, வெளியேறும் துளைகளிலிருந்து டப்பாவுக்கு டியூப் போட்டு, மெதுவாகத் தள்ளித் தள்ளி ஏர் எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுப் பூட்டினால் பாட்டில் திணறும்.

ஹைட்ராலிக்கே சரியாக இருந்தும் மிருதுவாக இருப்பது தனி வகை. காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிப்போனால் பிஸ்டன் ஒரு பேடை அழுத்த, மறுபக்கம் காலிப்பரே வளையும். அந்த வளைவு காலுக்கு ஸ்பிரிங் போலத் தெரியும். பேடைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முனை தேய்ந்து ஆப்பு வடிவத்தில் இருக்கும். வீல் பேரிங் ஆடினாலோ டிஸ்க் கோணலாகச் சுற்றினாலோ அது பேடைப் பின்னால் தள்ளிவிடும். வளைவில் திரும்பிய பின் முதல் மிதி மட்டும் கீழே போவது இதன் அடையாளம். புதுப் பேட் போட்ட முதல் சில கிலோமீட்டரில் லேசான மிருது இயல்பு. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும் வரை பொறுக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்தபடி நாலு நிப்பிளையும் ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் கூடாது. டப்பா மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் இரண்டு முறை, பிறகு கொஞ்சம் வேகத்தில் பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலை, இன்ஜினைத் தொடும் முன் ஒருமுறை மிதியுங்கள். இரவெல்லாம் நின்ற காரில் சின்னக் குமிழிகள் ஒன்று சேர்ந்து மேலே போயிருக்கும். மிச்சம் ஏதாவது இருந்தால் அந்த முதல் மிதியில் தெரியும். தெரிந்தால் பாட்டிலை மறுபடி எடுத்து, முதல் வீலிலிருந்து இன்னொரு சுற்று.